வாய்க்கொழுப்பும் ஈரல் கொழுப்பும்

என் அப்பா முப்பது வருடமாகக் குடிக்கிறார். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. சாயங்காலம் கடைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஒரு முறை கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டு எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அப்பாவின் ஈரலில் ஒரு குறையும் இல்லை என்று சீட்டு வந்தது. அந்தச் சீட்டுக்கு அவர் பிளாஸ்டிக் உறை போட்டு டிவிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். யாராவது குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய் அதை எடுத்து வந்து நீட்டுவார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நானோ ஒரு சொட்டு தொட்டதில்லை. காலி பீர் பாட்டிலில் மணிபிளான்ட் வளர்த்ததுதான் எனக்கும் மதுவுக்கும் இருந்த ஒரே உறவு. அப்படிப்பட்ட என் ஈரல்தான் இருபத்தெட்டாவது வயதில், வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு நான் இருந்தபோது, வேலையை நிறுத்தியது.

அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருந்தேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவதும், அச்சாகி வரும் தாளில் நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதும் வேலை. புஸ்வாணப் பெட்டியின் மேல் புலி போடுவோம். புலிக்கும் புஸ்வாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. கம்பெனி முதலாளிக்கே அது தெரியாது. தீபாவளி ஆர்டர்கள் குவிந்துகிடந்த சீசன். நான் பிள்ளை பெறுவதற்கு முன்னால் நாற்பது லேபிள் பெற்றாக வேண்டும் என்று அச்சக முதலாளி சொல்லியிருந்தார்.

வீடு ஆனைக்குட்டம் பக்கம். என் கணவர் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பகுதியின் சூப்பர்வைசர். வீட்டில் நாங்கள் இருவரும் என் மாமியாரும். அத்தை இருபத்தைந்து வருடம் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். கையும் வேகம், வாயும் வேகம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் வழக்கம். என் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். அப்பாவை நம்பி ஒரு கோழியைக்கூடப் பிரசவத்துக்கு அனுப்ப முடியாது. அதனால் அத்தை வீட்டிலேயே இருந்துகொண்டேன். நாங்கள் இருவரும் நாள் முழுக்க ஒருவரையொருவர் வாரிக்கொண்டிருப்போம். அதைச் சண்டை என்றும் சொல்ல முடியாது, பாசம் என்றும் சொல்ல முடியாது.

எட்டாவது மாத முடிவில், மூன்றாம் மாதத்தோடு போயிருந்த வாந்தி திரும்பி வந்தது.

"பிள்ளைக்கு முடி முளைக்குதுல்ல, அதான் குமட்டுது" என்றார் அத்தை.

"இம்புட்டு குமட்டுதே அத்தை. உள்ள இருக்கிறது கரடியா?"

"இந்த வாய்க்கொழுப்புக்குத்தான் உனக்கு வாந்தி வருது."

வாந்தியோடு தாகமும் வந்தது. அச்சகத்தில் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கும் அளவுக்குத் தாகம். குடித்தது நிற்காமல் கழிப்பறைக்கு விரட்டியது. அந்தக் கழிப்பறை பேப்பர் கட்டுகள் அடுக்கிய குடோனுக்கு அந்தப் பக்கம். ஒரு நாளைக்கு நான் நடந்த நடையில் திருச்செந்தூர் போய்ச் சேர்ந்திருக்கலாம். வயிற்றின் வலது பக்கம், விலாவுக்குக் கீழே, யாரோ முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பதுபோல் ஒரு வலி. பிள்ளை உதைக்கிறது என்றார்கள். சோற்றைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். "கேஸ்" என்று மாத்திரை எழுதினார். வெடிமருந்துக்கு நடுவில் வாழ்கிறவர்கள் நாங்கள். உள்ளே கேஸ் இருக்கிறது என்று யாராவது சொன்னால் மறுபேச்சு இல்லாமல் நம்பிவிடுவோம்.

இப்படி ஒரு வாரம் போனது. அந்த வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு புலி லேபிளை எடுத்துக்கொண்டு மெஷின் ஓட்டும் அண்ணாச்சியிடம் போனேன். ஐம்பத்தைந்து வயது மனிதர். நாலு கலர் மெஷினோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவர். நிறத்தை அளக்கும் கருவி ஒன்றை முதலாளி வாங்கிக் கொடுத்திருந்தார். அண்ணாச்சி அதன் மேல் டீ டம்ளரை வைத்துக்கொள்வார்.

அன்றைக்கு அவர் லேபிளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தாயி, செத்த வெளிய வா."

வாசலில் வெயிலுக்கு இழுத்துப்போனார். கையிலிருந்த தாளின் அச்சு விழாத வெள்ளை ஓரத்தை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கண்ண மேல தூக்கிப் பாரு."

"என்ன அண்ணாச்சி, புலிக்கு மஞ்ச கூடிப்போச்சா?"

"கூடித்தான் இருக்கு. புலிக்கு இல்ல, உன் கண்ணுக்கு."

"எத்தன பர்சென்ட்?"

"சிரிக்காத தாயி. புலிக்கு இருந்தா அப்படியே ஓட்டிருவேன். உனக்கு இருக்கக் கூடாது. மாப்பிள்ளைக்குப் போனப் போடு."

அங்கே நின்றிருந்த ஒரு பைக்கின் கண்ணாடியில் குனிந்து பார்த்தேன். கண்ணின் வெள்ளை நிஜமாகவே வெள்ளையாக இல்லை. ஒரு வாரமாக ஒரே வீட்டில் மூன்று பேர், நான் உட்பட, அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். டியூப்லைட் வெளிச்சத்தில் எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. அதற்கப்புறம் நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன்.

கணவர் கம்பெனியிலிருந்து வந்து சேர்வதற்குள் அத்தை காரியத்தில் இறங்கியிருந்தார். அவருக்குக் கண் மஞ்சள் என்றால் காமாலை, காமாலை என்றால் கீழாநெல்லி. தன் வெள்ளாட்டில் பால் கறந்து, கீழாநெல்லியை வேரோடு அரைத்துக் கலக்கி, ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்தார்.

"கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சிரு. மூணு நாள்ல கண்ணு பாலாட்டம் ஆயிரும்."

குடித்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் அத்தையின் சேலையின் மேலேயே திரும்பி வந்தது. அவர் திட்டவில்லை. அப்போதே எனக்கு விஷயம் பெரிது என்று உறைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே கண் சொருகினேன். "தூங்கட்டும், மருந்து வேலை செய்யுது" என்று அத்தை யாரிடமோ சொன்னது கேட்டது. மருந்து சேலையில் இருந்தது.

கணவர் வந்து பார்த்துவிட்டு, என் கர்ப்பகால அட்டையின் பின்னால் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்தார். எங்கள் ஊர் சுகாதார நர்சின் எண் அது. ஸ்கூட்டரில் வந்தார். என்னை விட இரண்டு மூன்று வயது இளையவர், ஆனால் ஊரில் எல்லோரும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவோம். பிரஷர் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டார். "டீ டிகாக்ஷன்" என்றேன். நிறம் சொல்வதில் நான் தொழில்காரி.

"இன்னைக்கு என்ன கிழமைக்கா?"

"புதன்."

நர்சம்மா என் கணவரைப் பார்த்தார். கணவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை.

"மாசமா இருக்கவளுக்குக் கிழமை எதுக்கு நர்சம்மா?" என்றார் அத்தை. "மூணு நாள் பத்தியத்துல சரியாப் போயிரும். அதுக்குன்னு ஒரு ஆளு இருக்காரு, அவர்கிட்டக் கூட்டிட்டுப் போறோம்."

"கீழாநெல்லி எங்கயும் ஓடிப் போயிராதும்மா. பேத்தியோ பேரனோ பொறந்த பெறகு நீங்களே அரைச்சுக் குடிங்க. நான் வண்டிக்குச் சொல்லிட்டேன்."

நூற்றெட்டு வண்டி வந்தது. அத்தை வாந்தி பட்ட சேலையை மாற்றக்கூட நிற்காமல் ஏறினார். விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை வண்டி முழுக்க ஆட்டுப்பால் நாற்றம். அதுதான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கும் கடைசி விஷயம். இதற்குப் பிறகு நடந்ததில் பாதி என் கணவர் சொன்னது, பாதி அத்தை சொன்னது. இருவர் சொல்வதும் ஒத்துப்போகாத இடங்களில் நான் அத்தையின் பக்கம் சாய்ந்திருக்கிறேன். அவர் நன்றாகச் சொல்வார்.

பிரசவ வார்டில் டாக்டர் ஒரு சின்னப் பெண்மணி. வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "குடிப்பழக்கம் உண்டா?" என்றார்.

அத்தை கொதித்துவிட்டார். "குடிக்கிறது இவ அப்பன், டாக்டரம்மா. இவளுக்கு எதுக்கு ஈரல் கெடணும்? ஆள் மாறி விழுந்துருச்சா?"

விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை மிகவும் குறைந்திருப்பதாக நர்ஸ் சொன்னார். அத்தையின் முகம் தெளிந்தது. "அப்பாடி. எங்க வம்சத்துல அம்புட்டுப் பேருக்கும் சுகர். இவளாவது தப்பிச்சாளே."

"குறைஞ்சா உயிருக்கே ஆபத்தும்மா" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் குளுக்கோஸ் ஏற்றினார். ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் வைத்திருந்தார்கள். உறைய வேண்டிய நேரம் தாண்டியும் அது தண்ணீர் போலச் சாய்ந்து சாய்ந்து ஆடியதாம். டாக்டர் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு யார் யாருக்கோ போன் செய்தார். அப்புறம் என் கணவரையும் அத்தையையும் நிறுத்திச் சொன்னார்.

"கர்ப்பத்தோட கடைசியில ரொம்ப அபூர்வமா வர்ற நோய் இது. ஈரல்ல கொழுப்பு ஏறிடும்."

"கொழுப்பா?" என்றார் அத்தை. "அது இவளுக்கு வாய்லதானே இருந்துச்சு. எப்ப ஈரலுக்கு எறங்குச்சு?"

டாக்டர் கீழே குனிந்து எதையோ எழுதுவதுபோல் இருந்தாராம். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஈரல் வேலை செய்யலம்மா. அதனால ரத்தம் உறையல. கிட்னியும் தடுமாறுது. இதுக்கு மருந்துன்னு தனியா ஒண்ணும் கிடையாது. பிள்ளைய வெளிய எடுத்தாத்தான் ஈரல் திரும்பும். இன்னைக்கே எடுக்கணும்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கணவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மேடம், எண்ணெய் பரோட்டா சாப்பிட்டதாலயா?"

ஐந்தாம் மாதத்தில் எனக்கு விருதுநகர் எண்ணெய் பரோட்டா மேல் ஓர் ஆசை வந்தது. வாரம் ஒரு முறை வாங்கி வருவார். எண்ணெயில் மிதந்து பொரிந்து வரும் அந்தப் பரோட்டாவைப் பார்த்தவர் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

"திங்கிறதால வர்றது இல்லைங்க. உங்க மேலயும் தப்பு இல்ல, அவங்க மேலயும் தப்பு இல்ல."

டாக்டர் சொன்னதை அவர் இன்றுவரை முழுசாக நம்பவில்லை. பரோட்டாக் கடையைத் தாண்டும்போது இப்போதும் வண்டியின் வேகத்தைக் கூட்டுகிறார்.

அத்தை தரையில் இருந்தபடியே கேட்டார். "எட்டு மாசப் பிள்ளை தங்காதும்பாகளே டாக்டரம்மா. ஏழுல பொறந்தாக்கூடத் தங்கும்பாக."

"ஏழ விட எட்டு பெருசும்மா" என்றார் டாக்டர். அதற்குமேல் விளக்கம் சொல்ல அவருக்கு நேரம் இல்லை.

அறுக்க வேண்டும். ஆனால் ரத்தம் உறையாத உடம்பை அறுக்க முடியாது. அதனால் முதலில் பிளாஸ்மா பைகளை ஏற்றினார்கள். ரத்த வங்கியிலிருந்து எடுத்ததற்கு ஈடாக ஆட்கள் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். கணவர் இரண்டு போன் செய்தார், ஒன்று அவர் கம்பெனிக்கு, ஒன்று அச்சகத்துக்கு. சீசன் நேரத்தில் எங்கள் முதலாளி தன் அம்மா செத்தபோதுகூட மெஷினை நிறுத்தாதவர் என்று ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு மெஷின் நின்றது. லேபிள் ஏற்றிப்போகும் லோடு வண்டியில் அண்ணாச்சி ஏழு பேரோடு வந்து இறங்கினார். அதில் ஒருவர் ஒரே தூக்கில் இரண்டு பேப்பர் கட்டைத் தோளில் ஏற்றுகிற ஆள். ஊசியைப் பார்த்ததும் அவர் மயங்கி விழ, மற்றவர்கள் ரத்தம் கொடுத்த கையோடு அவருக்கு விசிறிவிட்டார்கள்.

அப்பாவுக்கும் செய்தி போனது. கேட்ட பதற்றத்தில் பகலிலேயே கடைக்குப் போய்விட்டுச் சாத்தூரிலிருந்து பஸ் ஏறியவர், தெளிய வேண்டும் என்பதற்காகச் சூலக்கரையிலேயே இறங்கி வெயிலில் நடந்தே வந்தாராம். தெளியவில்லை. ரத்த வங்கியில் கிட்டத்தில் வந்ததும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"குடிச்சிட்டு வந்தா எடுக்க மாட்டோம் பெரியவரே."

"ரத்தம் வேண்டாம்னா ஈரல எடுத்துக்கோங்க" என்று சொல்லி அப்பா சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை உருவினார். அந்தச் சீட்டைக் கொண்டுவந்திருக்கிறார். "சர்க்கார் டாக்டர் பாத்து எழுதிக் குடுத்தது. ஒரு கொறையும் இல்லாத ஈரல். என் மகளுக்கு வச்சி விடுங்க."

யாரும் சிரிக்கவில்லை என்று கணவர் சொன்னார். டாக்டரே வெளியில் வந்து, சீட்டை வாங்கி முழுசாகப் படித்தாராம். "நல்லாத்தான் இருக்குதுங்கய்யா. இப்பத் தேவைப்படாது. அவங்க ஈரலே திரும்பி வரும். வீணாக்காம பத்திரமா வச்சிருங்க" என்று ஈரலையும் சீட்டையும் சேர்த்துச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அப்பா வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலை சவரம் செய்து, தலையில் ஈரம் சொட்ட மறுபடி ரத்த வங்கியின் வாசலில் நின்றார். இன்னும் ஒரு நாள் போகட்டும் என்றார்கள். அதற்கடுத்த நாள்தான் எடுத்துக்கொண்டார்கள். என் விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் முழுசாக இரண்டு நாள் குடிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பிள்ளையை அன்றைக்குச் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டால் அங்கேயும் ரத்தம் கசியும் என்று முழு மயக்கம் கொடுத்தார்கள். பெண். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அழுதாளாம். நான் கேட்கவில்லை.

அடுத்த நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். உடம்பு மட்டும்தான் அங்கே இருந்தது. ஈரல் கழுவ வேண்டிய அழுக்கெல்லாம் மூளைக்கு ஏறிக் கலங்கியிருந்த நேரம் அது. வார்டுச் சுவரின் பச்சை தூக்கலாக இருக்கிறது, சயான் நீலத்தைக் குறைத்து மறுபடி அச்சடியுங்கள் என்று ஒரு பெரிய டாக்டரிடம் கண்டிப்பாகச் சொன்னேனாம். இதையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம், அத்தையை உள்ளே விட்டார்கள். இரண்டாம் நாள் அவரைப் பார்த்ததும் நான் ஆரம்பித்தேன். கல்யாணமாகி மூன்று வருடமாக வாய்க்குள் மென்று விழுங்கிய அத்தனையும் வெளியே வந்தது.

அவர் வைக்கும் குழம்பு பாத்திரம் கழுவின தண்ணீர். என் தலைமுடி சாக்கடையை அடைக்கிறது என்று தெரு முழுக்கச் சொன்னது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை நான் எத்தனை மணிக்கு எழுந்தேன் என்று மகனிடம் வாரா வாரம் ஒப்பிப்பதும் அவர்தான். கடைசியாக ஒன்று. என் அம்மா இருந்திருந்தால் இந்த வயிற்றோடு வேலைக்கு அனுப்பியிருக்க மாட்டாள், காலை நீட்டிப் படுடீ என்று சொல்லியிருப்பாள்.

இதைக் கேட்டுவிட்டு அத்தை வெளியில் வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாராம். எவ்வளவு நேரம் என்று கணவர் சொல்லவில்லை. டாக்டர் அவரைச் சமாதானப்படுத்த முயன்றிருக்கிறார். "மூளை குழம்பிப் பேசுறதும்மா. அது அவங்க வார்த்தை இல்ல."

"அவ வார்த்தைதான் டாக்டரம்மா. எனக்குத் தெரியாதா அவ வாயை?"

மறுநாள் பத்து நிமிடத்துக்கும் அவர் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

ஐந்தாம் நாள் எனக்குத் தெளிந்தது. இன்றைக்கு என்ன கிழமை என்று நர்ஸ் கேட்டார். "நான் படுத்திருக்கேன், நீங்கதானே சொல்லணும்" என்றேன். ஆள் திரும்பிவிட்டாள் என்று வெளியில் செய்தி சொன்னார்கள். அன்றைக்கு அத்தை கஞ்சி கொண்டுவந்தார். ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே சொன்னார்.

"இது கஞ்சி. இது கழுவுன தண்ணி மாதிரித்தான் இருக்கும். கொழம்பு வைக்கறப்ப சொல்றேன்."

எனக்கு விளங்கவில்லை. "என்ன அத்தை சொல்றீங்க? நான் ஏதாவது பேசினேனா?"

"பேசுன. நல்லாத்தான் பேசுன. வாயத் தொற."

மீதியைக் கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது வந்த அழுகைக்குத் தையல் போட்ட வயிறு ஒத்துழைக்கவில்லை. அடுத்த தடவை அவர் வந்தபோது "மன்னிச்சிருங்க அத்தை" என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்கம்மா விசயம் மட்டும் நீ சொன்னது சரி. நான் தீப்பெட்டி ஒட்டிக்கிட்டே பெத்தவ. எல்லாரும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்." என் போர்வையை இழுத்துவிட்டபடியே, "தலமுடி சாக்கடைய அடைச்சது நெசம்" என்றார்.

ஆறாம் நாள் சக்கர நாற்காலியில் வைத்துப் பிள்ளையைக் காட்டக் கூட்டிப்போனார்கள். அவளும் மஞ்சளாக இருந்தாள். பிறந்த பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவதுதானாம். கண்ணைக் கட்டி நீல விளக்குக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டியில் படுக்கப் போட்டிருந்தார்கள். "ஆத்தாளும் மகளும் ஒரே கலர்ல வந்து நிக்காக" என்றார் அத்தை. அந்த நிமிடத்தில் எனக்குத் தாய்மை பொங்கவில்லை. இத்தனூண்டு ஆளா இத்தனை பேரை லோடு வண்டியில் ஏற்றி விருதுநகருக்கு வரவைத்தாள் என்றுதான் தோன்றியது. அப்புறம் பெட்டியின் ஓட்டை வழியாக விரலை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். விடவில்லை. நான் நாற்காலியில் இருந்தபடியே உடைந்துபோனேன்.

டாக்டர் இன்னொரு விஷயமும் சொன்னார். சில சமயம் பிள்ளையின் உடம்புக்குக் கொழுப்பை எரிக்கத் தெரியாமல் போவதால் தாய்க்கு இந்த நோய் வரும். அதற்கு ஒரு பரிசோதனை வெளியூருக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வரும்வரை பிள்ளையை மூன்று மணி நேரத்துக்கு மேல் பசியோடு விடக் கூடாது. அத்தைக்கு இதைக் காட்டிலும் பிடித்தமான உத்தரவு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. போனில் அலாரம் வைக்கக் கற்றுக்கொண்டார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அது சாமி பாட்டோடு அலறும். பிள்ளை விழிக்கிறதோ இல்லையோ, தெருவே விழிக்கும். ஒரு மாதத்துக்குப் பிறகு முடிவு வந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அலாரம் மட்டும் இன்னும் இரண்டு மாதம் நிற்கவில்லை.

மூன்று வாரத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் சொன்னபடியே ஈரல் திரும்பி வந்தது. கண் வெளுத்தது. பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, கணவரைத் தனியே கூப்பிட்டு, "அவ அப்பனோட சேந்து லேசா எடுத்துக்கிருவாளோ?" என்று விசாரித்தார்கள். அத்தை ஒருவரைக்கூட டீ குடித்து முடிக்க விடவில்லை. அப்பா நாற்பது நாள் குடிக்காமல் இருந்தார். நாற்பத்தோராம் நாள் வழக்கம்போலக் கடைக்குப் போனார். இதை நான் இனிப்பாக மாற்றி எழுத முடியாது. ஆறு மாதம் கழித்து நான் வேலைக்குப் போனேன். இந்தத் தடவை போகவா என்று கேட்டேன். "உனக்குத் தெம்பிருந்தாப் போ" என்றார் அத்தை. அண்ணாச்சி என்னை வாசலில் நிறுத்தி, தாளின் ஓரத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

இப்போது மகளுக்கு நாலு வயது. அடுத்த பிள்ளைக்கும் இது திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம். போன வருடம் நர்சம்மா எங்கள் ஊர் கர்ப்பிணிகளின் கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார். கடைசி மாதங்களில் வாந்தி திரும்ப வந்தால், தாகம் அடங்காவிட்டால், கண் மஞ்சளித்தால், கேஸ் என்று விட்டுவிடாதீர்கள், நர்சம்மாவுக்குப் போன் போடுங்கள் என்று சொன்னேன். முன்வரிசையில் ஒன்பது மாத வயிற்றோடு ஒரு பெண். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். கையைத் தூக்கினாள்.

"அக்கா, எனக்கு நேத்துலருந்து ஒரே தண்ணித் தவிப்பு. குமட்டலும் இருக்கு."

பேச்சை அப்படியே விட்டுவிட்டு, அவளை நானும் நர்சம்மாவுமாக வண்டியில் ஏற்றி விருதுநகருக்குக் கூட்டிப்போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். மத்தியானம் வரை உட்கார வைத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. முந்தின நாள் என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டார்.

"கருவாட்டுக் கொழம்பு. நேத்து ரெண்டு வேளையும் அதான். உப்பு கொஞ்சம் கூட."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் கொடுத்த சுண்டலும் அவளுக்குத் தப்பிப்போயிருந்தது. மூன்று வாரம் கழித்து மூன்று கிலோவில் ஒரு பையனைச் சுகமாகப் பெற்றாள். இப்போதும் பஸ்ஸில் என்னைப் பார்த்தால் முகத்தை வெட்டித் திருப்பிக்கொள்கிறாள். பக்கத்தில் இருப்பவளிடம், "இந்தா வருதுல்ல, இந்தக்கா கண்ணுல மட்டும் படாத. ஒரு தும்மல் போட்டாக்கூட விருதுநகருக்கு இழுத்துட்டுப் போயிரும்" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்கிறாள்.